வாசனை போகாத சிவப்பு

பெயிண்டில் கலந்த தின்னரின் நெடி இன்னும் போகவில்லை. எனாமல் காய்ந்ததா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, முகர்ந்துதான் பார்ப்பார்கள். வாசனை அடங்கினால்தான் உள்வரை இறுகியதாக அர்த்தம். சோதனைக்கென்று அதே கலவையைப் பூசிய பிளாஸ்டிக் கரண்டி நேற்றே கல்லாகிவிட்டது. அட்டைப் பெட்டியால் மூடி வைத்த குட்டி லாரி மட்டும், சற்றுமுன் பூசியதுபோல் மூக்கைத் துளைத்தது.

மாய்தேவுக்கு ஆத்திரமாக வந்தது. நாளை அண்ணன் நிக்கனோர் செத்து ஒரு வருடம். பாலைவனச் சாலையில் அவன் லாரி கவிழ்ந்த வளைவில், அவன் நினைவாகச் சாலையோரம் கட்டிய, மெழுகுவர்த்தி எரியும் சின்னக் கூண்டுக்குள் இந்தக் குட்டி லாரியை வைத்தாக வேண்டும். கடல்பனி ஊரையே நனைத்துக்கொண்டிருக்க, கடைசிப் பூச்சில், சீக்கிரம் இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கூடுதலாகவே சொட்டியிருந்தாள். அப்படிச் செய்தால் மேலே தோல் கட்டும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும் என்று தெரிந்தும்.

பெட்டியைத் தூக்கினாள். கேபின் கூரையில், கண்ணாடிப் பளபளப்பின் நடுவே, ஒரு கட்டைவிரல் ரேகை.

"ஃபெர்மின்! இதைத் தொடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

சமையலறையிலிருந்து புருஷனின் குரல் மட்டும் வந்தது. "நாள் பூரா மெக்கானிக் ஷெட்ல நிஜ லாரியைத் தொட்டே அலுத்துப்போச்சு. உன் பொம்மையை நான் ஏன் தொடுறேன்?"

"அப்போ பேயா வந்து தொட்டுச்சு?"

"உங்கண்ணனா இருக்கும். அவனுக்குத்தான் கை சும்மா இருக்காது."

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கைச் சாய்த்தாள். நிழல் தப்பான பக்கம் விழுந்தது. ரேகை உள்ளே குழியவில்லை. வெளியே புடைத்திருந்தது. அடியிலிருந்து யாரோ அழுத்தியதுபோல். குறுக்கே நேர்க்கோடாக ஒரு தழும்பு. சின்ன வயதில் ஃபேன் பெல்ட் அறுத்த தழும்பு. நிக்கனோருடையது.

பூச்சின் தோல் அசைந்தது.

"ஃபெர்மின். இங்க வா."

அவகாடோ தடவிய ரொட்டியை மென்றுகொண்டே வந்தவன் தழும்பைப் பார்த்தான். வாய் நின்றது.

"அண்ணன் லாரிக்கு பிரேக் புதுசா மாத்தினேன், ஓட்டும்போது அவன்தான் தூங்கிட்டான்னு ஊரெல்லாம் சொன்னியே," என்றாள். "மாத்தினியா?"

"மாத்தச் சொன்னான்... ஒரு நடை போய்ட்டு வா மச்சான், வந்ததும் பாத்துக்கலாம்னேன்."

"ஒரு வருஷமாடா! செத்தவன் மேல பழியப் போட்டு, என் பக்கத்துலயே படுத்துத் தூங்கினியே!"

அவன் சட்டென்று குனிந்து, ரேகையைத் தேய்த்து அழிக்கக் கட்டைவிரலை வைத்தான்.

விரல் இறங்கியது. நகம். கணு. உள்ளங்கை. அந்தக் கேபினே ஒரு தீப்பெட்டி அளவுதான். மணிக்கட்டுவரை இறங்கியது.

"மாய்தே... உள்ள புடிச்சு இழுக்குறான். இழு! இழுடீ!"

அவன் முழங்கையை எட்டிப் பிடித்தாள். பிடித்தவள் இழுக்கவில்லை. ஒரு வருடக் கோபம் கைக்கு வந்து நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள்.

வாசனை போய்விட்டது.

துளி நெடி இல்லை. பனியின் உப்பு மட்டும். சிவப்பு அவன் மணிக்கட்டைச் சுற்றி விளிம்பே தெரியாமல் இறுகி, விளக்கொளியில் மின்னியது. அந்தப் பளபளப்பின் அடியில், அவன் கையை வளைத்துப் பிடித்தபடி, ஐந்து விரல்கள் புடைத்திருந்தன.

கட்டைவிரலில் தழும்பு.