கூடைக்குள் ஒரு குட்டி

வெள்ளச்சி ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று நேற்றுக் காலையில் செத்துப்போனது. மற்றதும் இன்றோ நாளையோ என்று கிடந்தது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் தர்சிகாவுக்கு அழுகை வந்தது. பொழுதுபட்டதும் குட்டிகளைக் கூடையால் மூடியது அவள்தானே! மூடாவிட்டால் அவை இரவிலேயே தாயின் பாலைக் குடித்துவிடும். காலையில் கறக்க ஒன்றும் இராது. அளவெட்டியில் மற்ற வீடுகளிலும் மூடுவார்கள்தான். ஆனால் அங்கே தேத்தண்ணிக்குக் கொஞ்சம் கறந்துவிட்டு, மிச்சத்தைக் குட்டிக்கு விடுவார்கள். தர்சிகா வீட்டில் மிச்சம் என்ற பேச்சே இல்லை.

எல்லாம் சவர்க்காரத்தால் வந்த வினை. அப்பாவுக்கு வேலை போனபிறகு, அம்மா குணலட்சுமி ஆட்டுப்பாலில் சவர்க்காரம் செய்யப் பழகினாள். பூசிக் குளித்தால் முகம் மினுங்குமாம். யாரோ ஒருத்தி போனில் படம் போட்டாலும் போட்டாள், யாழ்ப்பாணம் முழுக்க அதே பைத்தியம்! ஊரார் முகம் மினுங்கியது. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"அம்மா, பால் குடுக்காட்டி இதுவும் செத்துப்போகும்."

"பால்மா கரைச்சுக் குடன்."

"குடுத்தனான். துப்புது."

அம்மா அச்சுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "குருநகர் மக்டலீன் அக்கா மகளின்ரை கலியாணத்துக்கு வாறவைக்குக் குடுக்கச் சவர்க்காரம் சொல்லி வைச்சிருக்கிறா. குடுக்காட்டி இனி ஆர் எங்களிட்டை வாங்குவினம்? நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?"

சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். தர்சிகாவுக்குப் பயமாக இருந்தது. குட்டியும் வேண்டும், சோறும் வேண்டும். எதை விடுவது?

பொழுதுபட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். கூடையைக் கண்டதும் குட்டி தானாகவே தலை குனிந்து படுத்துக்கொண்டது. அதைத் தர்சிகாவால் தாங்க முடியவில்லை. வெள்ளச்சியின் மடியைப் பார்த்தபடி அப்படியே குந்திவிட்டாள். பிறகு, "அம்மா!" என்று கத்தினாள்.

அம்மா பதறி ஓடிவந்தாள். "என்ன, போயிட்டுதோ?"

"இல்லை. வெள்ளச்சிக்கு எத்தினை காம்பு?"

"உதுக்கோ கூப்பிட்டனி? ரெண்டு."

"ஒண்டுக்குத் துணிப்பை கட்டுவம். அது சவர்க்காரத்துக்கு. மற்றது குட்டிக்கு. பிறகு கூடை என்னத்துக்கு?"

"பாதிச் சவர்க்காரம்தானே வரும்?"

"வரட்டும். மக்டலீன் அன்ரியோடை நான் கதைக்கிறன்."

போனில் அவள் உள்ளதைச் சொன்னாள். "பாதிதான் தரலாம் அன்ரி. ஒரு குட்டி செத்துப்போச்சு. மற்றது பால் குடிக்கவேணும்."

அம்மாவும் காதை ஒட்டிவைத்துக் கேட்க, போனுக்குள் மக்டலீன் சொன்னாள்.

"சரி பிள்ளை, பொம்பிளைப் பகுதிக்கு மட்டும் தா. மாப்பிள்ளைப் பகுதி என்ன பூசினாலும் மினுங்காது."

அழுத முகத்தோடு அம்மா சிரித்துவிட்டாள். தர்சிகாவின் பழைய பள்ளிக்கூடச் சட்டையை வெட்டி, ஒரு காம்பை மூடிக் கட்டினாள்.

தர்சிகா குட்டியைத் தூக்கி மற்றக் காம்பை அதன் வாயில் வைத்தாள். அது உறிஞ்சவில்லை. பாலைத் தொட்டு உதட்டில் பூசினாள். மறுபடியும் வைத்தாள். அப்போதும் இல்லை. வைத்துக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்துக் குட்டியின் வால் மெல்ல ஆடியது.

அடுத்த நாள் பாதிக் கட்டிகள்தான் வந்தன. காயவைக்க அம்மா தட்டுத் தேடவில்லை. இதுவரை குட்டியை மூடிய கூடையை நிமிர்த்தி, அதற்குள் அடுக்கினாள்.