வாசலைப் பார்க்கும் காலணிகள்

தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள் என்பதால், அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு வீட்டில் வாயாடி என்றே பெயர். அவள் படிக்கும் பள்ளிக்கு இப்போது விடுமுறை. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள், மேற்கொண்டு போகப் பேருந்து வரும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தார்கள். வாயாடியின் அம்மா அங்கே நர்ஸ்.

அன்று மதியம் அம்மா ஒரு சின்னப் பையன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு நாளா ஷூவைக் கழட்டல. தூக்கமும் அதோடதான்," என்றார் பையனின் தாய். அவரும் ஷூவோடுதான் பாயில் இருந்தார்.

"கால்ல புண் இருக்கும்மா. நாளைக்குப் பஸ் ஏறிட்டா சீழ் பிடிச்சிடும்," என்று அம்மா கையை நீட்டினார். பையன் வீல் என்று அலறினான்.

வாயாடி அவனருகே போய் உட்கார்ந்தாள். "ஏன்டா தம்பி, கழட்டினா என்ன?"

அவன் ஷூவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "திடீர்னு ஓடணும்னா?" என்றான்.

'அதெல்லாம் ஓட வேண்டாம்' என்று சொல்ல வாயாடி வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்ல மனம் வரவில்லை.

பள்ளியில் நடக்கும் தீ விபத்து ஒத்திகை நினைவுக்கு வந்தது.

"சரி, ஓடணும்னா எப்படின்னு பழகிக்கலாம்." தன் ஷூவைக் கழற்றி, நாடாவைத் தளர்த்தி, நுனி வாசலைப் பார்க்கும்படி வைத்தாள். "நீ எண்ணு."

அவள் கால்களை நுழைத்து எழுந்தபோது அவன் நாலு எண்ணியிருந்தான்.

"நான் இன்னும் சீக்கிரம் போடுவேன்."

"கதை விடாதே. போட்டுக் காட்டு."

போட்டுக் காட்ட வேண்டுமானால் முதலில் கழற்ற வேண்டுமே. முகத்தைச் சுளித்துக்கொண்டே அவனாகக் கழற்றினான். முதல் தடவை ஏழு. அடுத்த தடவை மூன்று.

"மூணுதான்," என்று அவனே ஆச்சரியப்பட்டான். மறுபடி கழற்றி, வாசலைப் பார்க்க வைத்துவிட்டுக் காலை நீட்டினான். "கட்டுப் போட்டா ஷூ நுழையுமா?"

"மெல்லிசாக் கட்டறேன், கண்ணா," என்றார் அம்மா. கட்டி முடிப்பதற்குள் அவன் தூங்கிப்போனான்.

அவன் தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தன் நாடாவை அவிழ்த்தார். எதிர்ப் பாயில் இருந்த ஒரு லாரி ஓட்டுநரும் அவிழ்த்தார். அடுத்தடுத்து மற்றவர்களும் கழற்றினார்கள். கடைசி மூலைவரை ஷூக்கள் ஜோடி ஜோடியாக, எல்லாமே வாசலைப் பார்த்து நின்றன. வெயிலே படாமல் வெளுத்துப்போன விரல்கள் பாய்களில் விரிந்தன. பட்டப்பகலில் யாரோ குறட்டை விட ஆரம்பித்தார்.

வாயாடி அந்த வரிசையைப் பார்த்தாள். பெரியவர்களுக்கும் இத்தனை நாளாக அதே பயமா?

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றார் அம்மா.

வாயாடி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசும்மா. எல்லாரும் தூங்கறாங்க."