பயந்தவர்களுக்கு மட்டும்

மோதிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள் வெள்ளைத்தாய். ஐயோ... வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி செல்லப்பாண்டி! அவள் குடத்துத் தண்ணீர் பாதி அவன் வேட்டியில்.

திட்டப் போகிறான் என்று பார்த்தால், அந்தக் கண்கள் சிரித்தன.

"தண்ணிய கன்னுக்குத்தான் ஊத்தச் சொன்னேன். எனக்கில்ல."

வெட்கத்தில் அவளுக்குக் காது வரை சுட்டது.

சிவகாசிக்கு வெளியே அந்தப் பட்டாசுக் கம்பெனியில் ஷெட்டுகளுக்கு நடுவே வேப்பங்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஷெட்டில் தீப்பிடித்தால் அடுத்த ஷெட்டுக்குத் தாவாமல் மரம் மறிக்குமாம். அந்தத் தோட்ட வேலைக்கு ஒரு பரீட்சை. நிறைகுடத்தோடு வெடிமருந்து ஷெட்டை ஒட்டி நடந்து, கன்றுக்கு ஊற்றிவிட்டு வரவேண்டும். மற்ற பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தார்கள். இவளோ அந்த ஷெட்டுச் சுவரைக் கண்டதும் ஓட்டமாய் ஓடித்தான் அவன்மேல் மோதினாள்.

பின்னே? அக்கா மாரித்தாய் போன ஐப்பசியில் இப்படியொரு ஷெட்டில்தானே கருகிப்போனாள்... சொந்த ஊர் மல்லாங்கிணற்றில் மழை பொய்த்து, சித்தி வீட்டை அண்டி வந்தவள் இவள். தோட்ட வேலை கிடைக்காவிட்டால் இன்றே மருந்து ஷெட்டுக்குப் போ என்று சித்தி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள்.

"பயமா இருக்கா?" மெதுவாகக் கேட்டான் செல்லப்பாண்டி.

பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது. "பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீக போங்க!"

அவன் சிரிப்பு அணைந்தது. "அப்ப உங்களுக்கு இங்கன வேலை இல்ல. பயமில்லாத ஆளுக இடி இடிச்சாக்கூட, மருந்து பத்திக்குமேன்னு நினைக்காம ஷெட்டுப் பக்கத்துலயே நின்னு வேலை பாப்பாக. எனக்குப் பயப்படுற ஆளுதான் வேணும்."

'ஆமா, பயம்தான்' என்று ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம். குடத்தை வைத்துவிட்டு விறுவிறுவென்று மருந்து ஷெட்டுக்கே நடந்தாள். உள்ளே மருந்து அடைத்துக்கொண்டிருந்த ராக்காயி கை காட்டினாள். "வாடி, ஆள் பத்தல."

படியில் கால் வைத்தாள். அக்கா...

வானத்தில் பளீரென்று மின்னல் வெட்டியது. "இடி! எல்லாரும் வெளிய வாங்க!" வெளியே யாரோ கத்தினார்கள். ராக்காயியும் மற்றவர்களும் இவளை இடித்துக்கொண்டு வெளி வாசலை நோக்கி ஓடினார்கள். வெள்ளைத்தாய் அந்தப் படியிலேயே நின்றுவிட்டாள். அத்தனை பேரும் வெளியே ஓட, செல்லப்பாண்டி மட்டும் எதிரே ஷெட்டை நோக்கி ஓடி வந்தான்... அவள் கையைப் பற்றி இழுத்தபடி வெளி வாசல் காவலறைத் திண்ணைக்கு வந்துதான் நின்றான். சடசடவென்று மழை.

"பயம்தான்!" வெடித்து அழுதாள் அவள். "எங்க அக்கா இதுலதான் போச்சு... பொய் சொல்லிட்டேன்..."

"தெரியும். சிந்துன தண்ணி சொல்லிருச்சு. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன், என் புத்திய என்ன சொல்ல... நாளைக்குக் கன்னு நட வாங்க."

கண்ணைத் துடைத்தவள் அப்போதுதான் கவனித்தாள். பற்றியிருந்த அவன் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரிக்கு இடின்னா இம்புட்டுப் பயமா?"

"இடிக்கில்ல..." மழையைப் பார்த்தபடி சொன்னான். "நீங்க அந்தப் படியில கால் வச்சீகளே... அப்ப வந்த நடுக்கம். காலையில பாத்த ஒருத்திக்காக இப்படியா ஆகும்? இன்னும் நிக்க மாட்டேங்குது."

கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள்...

"நிக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.