நின்ற மெஷினின் தேய்மானம்

மெஷின் நின்று இரண்டு நாள் ஆகியும் பேரிங் சூடாக இருந்தது.

இல்போ முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டான். வெளியே மைனஸ் இருபத்தேழு. இந்தக் குளிரில் விரல்கள் எதையாவது உளறத்தான் செய்யும். தடித்த கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளே போட்டிருந்த கம்பளிக் கையுறையோடு இடது பக்கத்து பேரிங் பெட்டியை மறுபடி தொட்டான். சந்தேகமே இல்லை. கொட்டகைத் தகரம், பெல்ட் மூடி, மரக்கட்டைகளை இழுத்துவரும் சங்கிலி, தரையில் சிந்திக் கிடந்த மரச்சீவல் என்று எல்லாவற்றின் மேலும் உறைபனி உப்புப் பூத்ததுபோலப் படிந்திருக்க, அந்தப் பெட்டியைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பனி உருகி, இரும்பு நனைந்து, கிரீஸோடு இன்னொரு வாடையும் வந்துகொண்டிருந்தது. பூட்டிய அறைக்குள் யாரோ வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் வருமே, அந்த வாடை. மணி இரண்டரைதான். ஆனால் ஜனவரியில் இந்த வடகோடிக் கைனூவின் சூரியனுக்கு அதுவே வீட்டுக்குப் போகும் நேரம். ஜன்னலில் வெளிச்சம் நீலமாகி, மங்கிக்கொண்டிருந்தது.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. பக்கத்துக் கட்டடத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஹில்க்கா.

"இல்போ, உயிரோட இருக்கியா? இல்ல அந்த பேரிங்கக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டியா?"

"இப்பதான் ஆரம்பிக்கிறேன்."

"இந்தக் குளிர்ல இது மூணாவது. தோர்ஸ்தி அந்த மெஷினப் பாத்துக்கிட்டிருந்தப்ப ஒண்ணு போட்டா அஞ்சு வருஷம் அசையாது. உன் கை பட்டா வாரக்கணக்குதான்."

இல்போ தடித்த கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அட, கோவிச்சுக்காத. தொட்டியில ஆறு மணி வரைக்கும்தான் சீவல் இருக்கு. அதுக்குள்ள நீ மரத்த அரைச்சுக் குடுக்கலன்னா நெருப்பு அணைஞ்சிரும். முதியோர் இல்லத்துலேர்ந்து இப்பவே போன் மேல போன். சூடு பத்தலையாம்."

"முடிச்சுடறேன்."

முடித்துத்தான் ஆகவேண்டும். ஊரின் நானூறு வீட்டையும் சூடாக்கும் சுடுதண்ணீர் இந்தப் பாய்லரிலிருந்துதான் குழாயில் போகிறது.

முதல் பேரிங் போனபோது கிரீஸ் அதிகமாகிவிட்டது என்று நினைத்தான். அளந்து வைத்தான். இரண்டாவது போனபோது பெல்ட் இறுக்கத்தைத் தளர்த்தினான், தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை நிறுத்தினான், டிரம்மில் இருக்கும் கத்திகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை சமன் செய்தான். ஒரு குறையும் இல்லை. மூன்றாவதும் போன பிறகு, நேற்றுதான் பொறுமை போய், கழற்றி வைத்திருந்த அந்த இரண்டாவது பேரிங்கை அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். உள்வளையத்தில் வரிசையாகத் தழும்புகள். உருளைகள் எத்தனையோ அத்தனை தழும்பு, ஒரே இடைவெளியில். ஓடித் தேய்ந்த பேரிங் இப்படி இருக்காது. ஓடினால் வளையம் முழுக்கத் தேயும். மெஷின் நின்றுகொண்டிருக்கும்போது அச்சை ஏதோ ஒன்று விடாமல் ஆட்டினால்தான் உருளைகள் இருந்த இடத்திலேயே தேய்த்துத் தேய்த்து இப்படிப் பள்ளம் பறிக்கும்.

பாய்லர் ஃபேனின் அதிர்வாக இருக்கலாம் என்று ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி மெஷினின் அடித்தளத்தில் வைத்துப் பார்த்தான். காபி ஆறி, ஓரத்தில் பனிக்கட்டி கட்டும் வரை ஒரு சுளிப்புக்கூட இல்லை. வெளியிலிருந்து எதுவும் ஆட்டவில்லை.

அப்படியானால் உள்ளேயிருந்து.

அந்த நினைப்பை அவன் நேற்று இரவு முழுக்கத் தள்ளி வைத்திருந்தான். இப்போது முடியவில்லை. டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை வேலைக்கு வந்தபோது மெயின் சுவிட்சில் தோர்ஸ்தியின் பூட்டு தொங்கியது. மெஷினுக்குள் இறங்குகிறவன் தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். அதற்கு ஒரே சாவி, அது அவன் பையிலேயே இருக்கும். அடுத்தவன் பூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. அன்று மைனஸ் முப்பத்தொன்று. ஹில்க்கா கத்திக்கொண்டிருந்தாள். தோர்ஸ்திக்குப் போன் போட்டால் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. இல்போ உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு தடவை கூப்பிட்டான். ஆளில்லை. மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டான் என்று பூட்டை அறுத்துவிட்டு மெஷினை ஓட்டினான்.

ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது. தோர்ஸ்தி புதன்கிழமை மாலையே வீட்டுச் சௌனாவின் நீராவிச் சூட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டான், வேர்த்து வடிய, மடியில் துண்டோடு. பாவம், கடைசி நாள் பூட்டை எடுக்க மறந்திருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். இல்போவும் தலையாட்டினான். புதன்கிழமை தோர்ஸ்தி கிளம்பிய பிறகு, இரவு எட்டு வரை தான் மெஷினை ஓட்டியதையும், அப்போது சுவிட்சில் எந்தப் பூட்டும் இல்லை என்பதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

செத்த பிறகு வந்து மாட்டிய பூட்டு அது. அதை நம்பி உள்ளே இறங்கியிருந்தான் தோர்ஸ்தி. அவன் உள்ளே இருக்கும்போது இல்போ மெஷினை ஓட்டினான்.

புது பேரிங் மாட்ட, டிரம் அசையாதபடி உள்ளேயிருந்து கட்டை செருக வேண்டும். வேறு வழி கிடையாது. இல்போ தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டினான். இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று வாக்கி-டாக்கியை பெஞ்சில் வைத்தான். இரும்புக் கதவின் ஆறு போல்ட்டையும் கழற்றிவிட்டு, மரக்கட்டையோடு முழங்காலில் தவழ்ந்து உள்ளே போனான்.

பிசின் வாசனை. துருவின் வாசனை. தலைவிளக்கின் வெளிச்சத்தில் டிரம்மும் அதன் கத்திகளும், கத்திகளுக்கு இடையே இருட்டுக் குழிகளும். அவன் மூச்சு புகையாகிக் கத்திகளின் மேல் படிந்தது.

டிரம் அசைந்தது.

ஒரு விரற்கடை முன்னால். ஒரு விரற்கடை பின்னால். வெளியே தாழிட்ட கதவை உள்ளேயிருப்பவன் சத்தமில்லாமல் தள்ளிப் பார்ப்பதுபோல. மறுபடி. மறுபடி.

இல்போவுக்கு அழுகை வந்தது. ஓடிப்போகத் தோன்றவில்லை, அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

"தோர்ஸ்தி," என்றான். "நான்தான் அறுத்தேன். நீ உள்ள இருக்கேன்னு தெரியலப்பா. தெரிஞ்சிருந்தா கை வச்சிருப்பேனா? மன்னிச்சிரு. வா, வெளிய வா. இதோ திருப்பறேன்."

டிரம்மில் தோள் கொடுத்துத் தள்ளினான். முதலில் கல்லாக இருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ தள்ளியதுபோல இலகுவாகி, கால் சுற்று சுழன்று நின்றது. ஒரு வெக்கை அவன் முகத்தையும் கழுத்தையும் உரசிக்கொண்டு போனது. சௌனாக் கதவைத் திறந்தால் அடிக்கும் வெக்கை. அது கதவு வழியாக வெளியே போய்விட்டது.

அமைதி. இல்போ கையை நீட்டி அச்சைத் தொட்டான். குளிர்ந்திருந்தது. நல்ல, சாதாரண, இரும்புக் குளிர். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. வாய்விட்டுச் சிரித்தான்.

பின்னால் கதவு மூடியது.

அறைந்து மூடவில்லை. பதமாக, ஓரம் பொருந்தும்படி சாத்திக்கொண்டது.

"ஹில்க்கா?"

போல்ட் ஏறும் சத்தம். மேலே இடது. பிறகு கீழே வலது. பிறகு மேலே வலது. எதிரும் புதிருமாக, அவசரமில்லாமல். கதவு கோணாமல் இருக்க அப்படித்தான் முடுக்க வேண்டும். ஹில்க்காவுக்கு அது தெரியாது.

இல்போ கத்தினான். முஷ்டியால் இரும்பில் குத்தினான். கட்டையை எடுத்து அடித்தான். கட்டை பட்டது. சத்தம் வரவில்லை.

ஐந்து. ஆறு.

ஸ்பேனரைக் கீழே வைக்கும் ஓசை. துணியில் கை துடைக்கும் ஓசை.

வெளியே பெஞ்சில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "என்ன இல்போ, முடிஞ்சுதா?"

சிறிது நேரம் ஒன்றுமில்லை. யாரோ பதில் சொல்லும் நேரம்.

"நல்ல காலம். அப்ப ஓட்டிடு. ஏய், சளியா உனக்கு? குரலே மாறிக் கிடக்கு."

இல்போ பைக்குள் கை விட்டான். சாவி இருந்தது. பூட்டின் ஒரே சாவி; ஆனால் அறுக்கிறவனுக்குச் சாவி தேவையில்லை. அதை உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

டிரம் சுழல்வதற்கு முன் பத்து விநாடி ஒலிக்கும் எச்சரிக்கை ஹாரன் ஒலிக்கத் தொடங்கியது.