ஆட்டு வாயில் பேரீச்சை

அன்று காலை மாடியில் இருந்தவர்கள்: ஆயிஷா பீவி மாமி, ஒரு துடைப்பம், ஒரு வாளி, ஒரு சைகஸ் செடி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பூனை.

ஷமீம் இல்லை. அவள் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. புதினா வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

வீட்டில் பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தது. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அப்துல் சுக்கூர் சவூதியிலிருந்து லீவில் வந்துகொண்டிருந்தார். அங்கே அவருக்குச் சாலையோரப் பேரீச்சை மரங்களைப் பராமரிக்கும் வேலை. போன நோன்புக்கு அவர் பேரீச்சம்பழம் அனுப்பியிருந்தார். எல்லோரும் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிந்தார்கள். ஷமீம் கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி வைத்தாள். வெள்ளையாக வேர் எட்டிப்பார்த்ததும் பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி ஊன்றினாள்.

போனில் சொன்னபோது அத்தா சிரித்தார்.

“அடி போடி! இங்க மரம் லாரில வந்து எறங்கும். கிரேன் வெச்சு நடுவோம். கொட்டைய ஊனி எவன் வளக்கறான்? அதுவும் கோட்டக்குப்பத்துல, மொட்டை மாடில!”

“வளந்தா இன்னா தருவீங்க?”

“மாடிச் சாவிய உங்கிட்டயே குடுத்துடறேன். வளரலைன்னா அந்த வாளி எல்லாத்துலயும் உங்கம்மா கொத்தமல்லி போட்டுக்குவா. சரியா?”

“சரி!”

மாடிச் சாவி சாதாரணப் பொருள் இல்லை. அது கீழ்வீட்டு ஆயிஷா பீவி மாமியின் இடுப்பிலேயே இருக்கும். மாமி அத்தாவின் அக்கா. வத்தல் காயப்போட, கருவாடு காயப்போட, துணி காயப்போட என்று மாடி முழுக்க மாமியின் ஆட்சிதான். செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஷமீம் தினமும் மாமியிடம் போய்க் கெஞ்ச வேண்டும்.

பேரீச்சை முளைத்தது. ஆனால் ஷமீம் அத்தாவுக்கு ஒரு போட்டோகூட அனுப்பவில்லை. நேரில் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதினாவோடு மாடி ஏறியவள் அப்படியே நின்றாள். பெயின்ட் வாளிகளில் மண் மட்டும் இருந்தது. சுத்தமான, வழவழப்பான, ஒன்றுமே இல்லாத மண்.

“பாத்தியா?” என்றார் மாமி பெருமையாக. “எல்லா வாளிலயும் கோரைப்புல்லு மண்டிக்கினு இருந்துச்சு. நல்லா தண்ணி ஊத்தி ஊற வெச்சு, வேரோட பிடுங்கிட்டேன். எந்தம்பி வர்ற நேரத்துல வீடு காடு மாதிரியா இருக்கணும்?”

ஷமீம் ஒரு வாளிக்குள் கைவிட்டு மண்ணைத் துழாவினாள்.

“மாமி… எங்க போட்டீங்க?”

“பொன்னி வூட்டு ஆட்டுக்குத்தான். மேலேந்தே வீசிட்டேன்.”

புதினாக் கட்டு கீழே விழுந்தது. ஷமீம் படிகளில் பறந்தாள்.

பொன்னி பக்கத்து வீட்டுக்காரி, ஷமீமோடு ஒரே வகுப்பு. பொன்னியின் ஆட்டுக்கு மேனேஜர் என்று பெயர். எந்த வேலையும் செய்யாமல் நாள் முழுக்க மென்றுகொண்டே இருப்பதால் பொன்னியின் அண்ணன் வைத்த பெயர் அது. இப்போதும் மேனேஜர் மென்றுகொண்டுதான் இருந்தது.

“பொன்னி! ஆட்டப் புடி! அது என் பேரீச்சை!”

“எது? இந்தப் புல்லா?”

“புல்லு இல்லடி! புடி ஜல்தி!”

பொன்னி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஷமீம் அதன் வாயில் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் அந்தப் பக்கம் இழுத்தது. கடைசியில் நுனி ஆட்டுக்கும் அடி ஷமீமுக்கும் கிடைத்தது.

குவியலில் நிஜமான புல்லும் கலந்து கிடந்தது.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எதுன்னு எடுக்கறது?” என்றாள் பொன்னி.

“தடவிப் பாரு. பேரீச்சைன்னா வெறப்பா, மடிப்பு மடிப்பா இருக்கும். அடியில பாரு, நூல் மாதிரி ஒரு தண்டு தொங்குதா? அதோட நுனியில கொட்டை இருந்தா அது நம்மளது.”

இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். கொட்டையும் வேரும் ஒட்டியிருந்தவற்றை ஷமீம் துப்பட்டாவை நனைத்து அதில் சுற்றினாள். வேர் அறுந்தவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆட்டிடமே போட்டாள். அவை செத்தவை. அழுதால் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

பாதிக்கு மேல் தேறின. சிலவற்றுக்கு நுனி இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். “அத்தா போன் பண்ணாரு! திண்டிவனத்துல டீ குடிச்சிக்கினு இருக்காராம்!”

திண்டிவனம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம்தான்.

மாடிக்கு ஓடும்போது மாமியிடம் கேட்பதற்கு ஷமீம் நல்ல சூடான கேள்விகளாகத் தயார் செய்துகொண்டே போனாள். மேலே போனதும் ஒன்றையும் கேட்கவில்லை. மாமி சைகஸ் செடியின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இலையின் நுனி ஒவ்வொன்றும் ஊசி. மாமியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கீறல்.

“தம்பி வந்து பாக்கறப்ப உன் பேரீச்சை பளபளன்னு இருக்கணும்ல?” என்றார். பிறகு துப்பட்டாவைப் பார்த்தார். “அது இன்னாடி?”

ஷமீம் ஒரு நாற்றைத் தூக்கிக் காட்டினாள். அடியில் பேரீச்சங்கொட்டை ஆடியது.

மாமியின் முகம் சுருங்கிப்போனது. “அய்யோ! பேஜாராயிடுச்சே! நான் புல்லுன்னுல்ல…”

“நீங்க தண்ணி ஊத்திப் பிடுங்குனதாலதான் வேரு அறுந்துபோகாம வந்துச்சு, மாமி. குச்சி எடுத்துக் குழி போடுங்க. ஆழமா.”

மாமி குழி போட்டார். பொன்னி தண்ணீர் சுமந்தாள். ஷமீம் வேர் மடங்காமல் ஒவ்வொன்றாக இறக்கி மண் அணைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிடுங்கி நட்ட நாற்றுக்கு இந்த வெயில் ஆகாது. சுற்றிலும் பார்த்தாள். மாமி வெட்டிப் போட்டிருந்த சைகஸின் பழுத்த இலைகள் மூலையில் கிடந்தன. அவற்றை ஒவ்வொரு வாளியின்மேலும் குறுக்கும் நெடுக்கும் சாய்த்து வைத்தாள். நிழலும் ஆச்சு, பூனை கிளறாமல் வேலியும் ஆச்சு.

அத்தா வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்கு ஏறினார். பளபளக்கும் சைகஸைப் பார்த்ததும் கைதட்டினார்.

“அடேங்கப்பா! இதுதான் உன் பேரீச்சையா?”

“அது சைகஸ், அத்தா. மயிலம் ரோட்டு நர்சரில அம்மா வாங்குனது. பாக்கத்தான் பனை மாதிரி. பனைக்கும் அதுக்கும் சொந்தமே கிடையாது. டைனோசர் காலத்துச் செடி.”

“அப்ப பேரீச்சை எங்க?”

ஷமீம் ஒரு வாளியின் மேலிருந்த இலையை நகர்த்தினாள். அத்தா குனிந்து பார்த்தார்.

“இது புல்லு.”

மாமி எங்கோ பார்த்துக்கொண்டு இருமினார்.

ஷமீம் விரலால் மண்ணை மெல்ல விலக்கினாள். உள்ளே நூல் போன்ற தண்டு. அதன் முனையில், நடுவில் கோடு ஓடும் அந்தக் கொட்டை. அத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷம் பேரீச்சைக்கு நடுவிலேயே இருந்தவர், ஒரு பேரீச்சை பிறந்து பார்த்ததே இல்லை.

“நுனியெல்லாம் கடிச்ச மாதிரி இருக்கே?”

“இன்னிக்குத்தான் பிடுங்கி நட்டேன், அத்தா. குருத்து அடியில பத்திரமா இருக்கு. நுனி போனாலும் புது இலை வரும்.”

“அவ என்னைக் காப்பாத்தறா, சுக்கூரு!” மாமி வெடித்தார். “நான்தான் புல்லுன்னு பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். இவதான் ஆட்டு வாயிலேந்து புடுங்கினு வந்தா!”

அத்தா அக்காவின் பக்கம் திரும்பினார். வயிறு குலுங்கச் சிரித்தார். “நானும் புல்லுன்னுதானே சொன்னேன்!”

உடனே போனை எடுத்து சவூதியிலிருந்த கூட்டாளிகளுக்கு வீடியோ கால் போட்டார். போனை வாளிக்குள்ளேயே விட்டார்.

“டேய், நல்லா பாருங்கடா! லாரியும் இல்ல, கிரேனும் இல்ல. கொட்டையிலேந்து வளத்திருக்கா. என் பொண்ணு!”

ஷமீம் சைகஸின் பக்கத்தில் அதைவிட விறைப்பாக நின்றாள்.

அத்தா மாமியிடம் கையை நீட்டினார். “சாவி, அக்கா. சொன்ன சொல்லு.”

மாமி முணுமுணுத்துக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஷமீமின் கையில் வைத்தார். “கருவாடு காயப்போடணும்னா?”

“கீழேந்து ஒரு குரல் குடுங்க மாமி, வந்து தெறக்கறேன்.”

பிரியாணி வாசனை மேலே வந்தது. அத்தா இறங்கினார். பொன்னியும் இறங்கினாள். மாமி மட்டும் ஒரு வாளியின் முன் குனிந்தார்.

“ஷமீமு, இதுல ஓரமா ஒண்ணு மொளைச்சிருக்கு பாரு. இது சத்தியமா புல்லுதான். பிடுங்கட்டா?”

“மாமி. சாப்பிடப் போலாம்.”

மாமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியில் கால் வைத்தார். ஷமீம் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.