மந்திமலையின் மௌனக் குகை

“ஏ குரங்கு! குடுத்துரு! குடுத்துரு!”

கோமதி கத்திக்கொண்டே மலைக்கோயில் படியில் இருபது படி ஏறி ஓடினாள். அதற்குள் குரங்கு செங்குத்துப் பாறையில் தாவித் தாவி ஏறி, உச்சிப் புதருக்குள் மறைந்தே விட்டது. அதன் கையில் இருந்தது வாழைப்பழம் என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? தங்கை வடிவின் காதுக்கருவி அது!

வடிவுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து, கருவியின் ஒரு பாதியைத் தலைக்குள் வைத்தார்கள். மறு பாதியைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் வட்ட வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அது இல்லையென்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. லாரி ஓட்டும் அப்பா இன்னொன்று வாங்குவது நடக்கிற காரியமும் இல்லை. போதாக்குறைக்கு, அந்த வில்லையில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியதே கோமதிதான். குரங்கின் கண்ணில் பட்டதும் அந்தப் பளபளப்புத்தான்.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாமி கும்பிட வந்த ஒரு பெண், அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். “அழாதீக. இந்த மலையில குரங்கு எடுத்தா சாமி எடுத்த மாதிரி. திருப்பிக் கேக்கப்படாது. நல்லதே நடக்கும்.”

கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சாமிக்கு எதுக்கு என் தங்கச்சி காது?”

“அதான! பிள்ளை காதுன்னு தெரிஞ்சா சாமி வச்சுக்கவா போறாரு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் முழங்கியது. பேச்சிமுத்து! கோயிலுக்குத் தேங்காய் மூட்டை சுமப்பவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடிவாரத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

“உச்சிவேளை ஆச்சுன்னா எல்லாக் குரங்கும் மேல குகைக்குப் போயிரும் தாயி. அங்கன மௌன விரதம். ஒரு காலத்துல இதுக சாமிக்கு விசிறி வீசுன ஆளுகளாம். சன்னதியில சண்டை போட்டுக் கூச்சல் போட்டதுல, குரங்காப் போங்கன்னு சாமி சபிச்சிட்டாரு. தெனமும் உச்சிவேளையில வாய் தெறக்காம இருந்தா ஒரு நாள் சாபம் போகும். அங்க போயி எவனாவது சத்தம் போட்டா, விரதம் கெட்ட கோவத்துல கொதறி எடுத்துரும்! பல்லைக் காட்டிச் சிரிக்கப்படாது. கண்ணுக்கு நேராப் பாக்கவும் படாது.”

“யாருமே போனதில்லையா அண்ணாச்சி?”

“பர்ஸைத் தேடி ரெண்டு பேரு போனானுவ. ‘இந்தா கெடக்குடே’ன்னு ஒருத்தன் கூவிட்டான். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில போயித்தான் முழிச்சானுவ. பேசாம எப்படித் தேட முடியும், சொல்லு?”

கோமதி தங்கையைப் பார்த்தாள். வடிவு குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவாள். அந்த நேரங்களில் அக்காவும் தங்கையும் கை ஜாடையிலேயே ஊர்க்கதை முழுவதும் அளப்பார்கள்!

“எங்களால முடியும்,” என்றாள் கோமதி. பேச்சிமுத்து சொன்னதையெல்லாம் வடிவுக்கு ஜாடையிலேயே சொல்லி முடித்தாள்.

அம்மா இருவரையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு மனசே இல்லாமல் கையை எடுத்தாள்.

கிளம்பினார்கள் மூவரும்! முதலில் கள்ளிப் புதர். பாவாடை கிழிந்தது. அடுத்து ஒற்றையடி அகலத்தில் ஒரு பாறை விளிம்பு. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பேச்சிமுத்து தன் சும்மாட்டுத் துண்டை நீட்ட, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு பல்லியாக ஒட்டி நகர்ந்தார்கள். “காலைப் பாத்து வைங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் கோமதிதான் விழப் பார்த்தாள்.

விளிம்பு முடிந்த இடத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல் நடப்பட்டிருந்தது.

“இதுக்கு மேல சத்தம் ஆகாது. என் வாயை நானே நம்ப மாட்டேன். நீங்க போங்க,” என்று இரண்டு கீற்றுத் தேங்காயை வடிவின் கையில் கொடுத்துவிட்டு, பேச்சிமுத்து தன் துண்டைத் தானே வாயில் திணித்துக்கொண்டார்.

குகைக்குள் இருவரும் கால் வைத்தார்கள். அப்பாடி! நாற்பது ஐம்பது குரங்குகள். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. சில கண்ணை மூடிச் சாய்ந்திருந்தன. சில பேன் பார்த்தன. அவற்றுக்கு நடுவே ஒரு குவியல்! மூக்குக்கண்ணாடிகள், சீப்புகள், கைப்பேசிகள், ஒற்றைச் செருப்பு, நடுவில் மின்னும் தங்கச் சங்கிலி ஒன்று! கோமதிக்குக் கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். ஆனால் கருவி எங்கே?

டக். டக்.

ஓரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரு குட்டிக் குரங்கு, துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவில் எதையோ ஒட்ட வைப்பதும் பிய்ப்பதுமாக விளையாடியது. காந்த வில்லை! கோமதி கையை நீட்டிக் காட்டினாள். வடிவு தலையசைத்தாள், குனிந்து, ஓரடி ஓரடியாகப் போய், தேங்காய்க் கீற்றைப் பக்கத்தில் இருந்த அதன் தாயின் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

அப்போதுதான் வடிவுக்குப் பின்னால் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு எழுந்தது. குனிந்திருந்த அவள் உயரத்துக்கு இருந்தது அது!

கத்தல் கோமதியின் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் அத்தனை குரங்கும் பாயும். கத்தினாலும் வடிவுக்குக் கேட்காது! பல்லைக் கடித்துக்கொண்டு இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சட்டென்று கீழே அமுக்கினாள். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ‘உட்கார், குனி’ என்று காட்டும் அதே ஜாடை.

வடிவு பார்த்துவிட்டாள். பார்த்த நொடியில் உட்கார்ந்து தலை குனிந்தாள்.

கடுவன் அவள் தலையை முகர்ந்தது. சடையைப் பிடித்து இழுத்தது. ஒரு நிமிஷமா, ஒரு யுகமா? கடைசியில் மல்லிகைச் சரத்தை உருவி வாயில் போட்டு மென்றபடி நகர்ந்தது. குட்டியும் டப்பாவை விட்டுவிட்டு, தேங்காய் தின்னும் தாயின் மடிக்கு ஓடியது. வடிவு கருவியை மெல்லப் பிய்த்துக் கைக்குள் பொத்தினாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்கள்.

மஞ்சள் கல்லைத் தாண்டியதும் வடிவு கருவியைத் துடைத்து மாட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது!

“கேக்குதாட்டி? ஏட்டி, கேக்குதா?” என்று கோமதி ஓவென்று அழுதாள்.

வடிவு பதறி அவள் வாயைப் பொத்தினாள். “மெதுவாக்கா! அதுக இன்னும் விரதத்துல இருக்கு.”

பேச்சிமுத்து துண்டை வாயிலிருந்து எடுக்காமலே கும்பிட்டார். கண்ணீர் அவர் மீசையை நனைத்தது.

கீழே வந்ததும் கூட்டம் கோமதியைச் சூழ்ந்துகொண்டது. சாபம் உண்மையா, குரங்குகள் விசிறி வீசியவர்களா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் சத்தம் போடாதே, பல்லைக் காட்டாதே என்பது குரங்குகளோடு பரம்பரையாக வாழ்ந்தவர்கள் சொல்லிவைத்த சொல். அதைச் சிரித்துத் தள்ளியிருந்தால் இன்று தங்கை என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கவே அவள் விரும்பவில்லை.

வடிவு சுனையோரம் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். பக்கத்தில் போகப் பயம். கருவி கிடைத்துவிட்டது, சரி; வேலை செய்யுமா? அவள் மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

“வடிவு...”

ஈர முகத்தோடு வடிவு திரும்பினாள்.

“என்னம்மா?”