நரிக்கொம்பை அணையில் கொடி இல்லை!

"நிறுத்துங்க...! போட்டை நிறுத்துங்க...!"

ஜெஸிந்தாவின் அலறலை மூடுபனி விழுங்கியது.

எஞ்சின் சத்தம் நிற்கவில்லை. நெருங்கியது!

1996, அக்டோபர். காலை மணி பதினொன்று இருபது. கிளென்மார்கன் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, தார்ச்சாலை முடிகிற இடத்தில் நரிக்கொம்பை அணை. அணைச்சுவரில் கட்டியிருந்த துடுப்புப் படகில் நின்றுகொண்டிருந்தாள் ஜெஸிந்தா. கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனை நாற்பதடி ஆழத்தில், அவள் கணவன் வேலுமணியின் இடுப்பில்.

வேலுமணி தண்ணீருக்கடியில் வேலை செய்கிறவன். மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வாயில் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அதில் சேர்ந்த குப்பையை அகற்ற இறங்கியிருந்தான். கூடவே பொன்ராஜ். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தூத்துக்குடியில் சங்கு குளித்துப் பழகி, மலையேறி வந்தவர்.

இரண்டு மனிதர்கள் அடியில் இருக்கிறார்கள் என்று ஏரிக்குச் சொல்ல ஒரே ஓர் அடையாளம்தான். மஞ்சள் மிதவையில் செருகிய சிவப்புக் கொடி. குறுக்கே வெள்ளைப் பட்டை. கொடி மிதக்கும்வரை நூறு மீட்டருக்குள் எந்தப் படகும் வரக்கூடாது. சுவரோரம் பழைய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்ததால் அங்கே மேலே வர முடியாது. வேலை முடிந்ததும் இருவரும் அடியிலேயே நூற்றிருபதடி நீந்திப் போய், கொடியின் கயிற்றைப் பிடித்துத்தான் மேலே வருவார்கள்.

அந்தக் கொடியைத்தான்... காணோம்!

கொடி இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். வெறும் பனி.

ஜெஸிந்தா கயிற்றை மூன்று முறை சுண்டினாள். இரண்டு இழுப்பு என்றால் மேலே வா. மூன்று என்றால்... அசையாதே, அங்கேயே இரு!

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

கயிறு ஒருமுறை சுண்டியது. புரிந்தது என்று அர்த்தம்.

'இவருக்குச் சொல்லியாச்சு. பொன்ராஜ் அண்ணனுக்கு?'

பொன்ராஜ் இடுப்பில் கயிறே இல்லை. "கம்பியில சிக்கும்மா, எனக்கு வேண்டாம்" என்று காலையில்தான் அவிழ்த்துப் போட்டிருந்தார்.

பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒரு வேகப்படகு. படகோட்டி ஆறுக்குட்டி. பின்னால் திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். துடுப்புப் படகைக் கண்டதும் பதறி, சரேலென்று வளைத்தான்.

வளைத்த இடத்தில்... தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது!

தட்!

"ஐயோ...! தண்ணியெல்லாம் ரத்தம்...!" படகிலிருந்த பெண் வீறிட்டாள்.

ஆறுக்குட்டி எஞ்சினை அணைத்தான். உறையும் குளிரில், சட்டையோடு, அப்படியே குதித்தான்!

மேலே வந்தபோது அவன் கையில் பொன்ராஜ். தோளிலிருந்து முதுகுவரை பிளந்திருந்தது. மூச்சு இருந்தது.

"அம்மிணி... கொடி இல்லீங்களே! கொடி இல்லேன்னா வேலை முடிஞ்சுதுன்னுதானுங்க அர்த்தம்!" ஆறுக்குட்டியின் பற்கள் தந்தியடித்தன. குளிரிலா, பயத்திலா... அவனுக்கே தெரியவில்லை.

"அதை அப்புறம் பேசிக்கலாமுங்ணா! இன்னும் எத்தனை போட்டு வெளிய இருக்குது?"

"ரெண்டுங்க!"

"எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு இன்னும் கீழதான் இருக்காரு!"

"ஆத்தா...!" ஆறுக்குட்டி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

பனிக்குள் எங்கேயோ ஓர் எஞ்சின் அடங்கியது.

இன்னொன்று...

ஓடிக்கொண்டே இருந்தது!

ஜெஸிந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வேலுமணியின் சிலிண்டரில் இன்னும் ஆறு நிமிடக் காற்று. மேலே கூப்பிட்டால் படகு. கூப்பிடாவிட்டால்...

ஐந்து நிமிடம்.

நான்கு.

அந்த எஞ்சினும் அடங்கியது!

படகைச் சுவரிலிருந்து விலக்கிக்கொண்டு, கயிற்றை இரண்டு முறை சுண்டினாள்.

பதில் இல்லை.

"ஏனுங்க..." என்றாள் தண்ணீரைப் பார்த்து. "ஏனுங்க... வாங்க..."

முதலில் ஒரு குமிழி. அப்புறம் பத்து. அப்புறம் அவன்!

முகமூடியைக் கழற்றிய வேலுமணி ஏரியைப் பார்த்தான். "ஜெஸி... எதுக்கு இருக்கச் சொன்னே? ஏன் இவ்வளவு ரத்தம்?"

அவள் அவன் ஈரத்தலையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

* * *

இன்ஸ்பெக்டர் சுலோச்சனா வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கூடவே ஏட்டு மூக்கன். பொன்ராஜை அதற்குள் ஜீப்பில் போட்டு ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

படகுத்துறையில் முதலில் வாயைத் திறந்தவர் பழனிச்சாமி. துறையைக் குத்தகைக்கு எடுத்தவர்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மேடம்!"

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே, பழனிச்சாமி."

"அதில்லீங்க..."

"மேடம்..." மூக்கன் நோட்டைப் புரட்டினார். "திங்கக்கிழமை இவரு டீக்கடையில எல்லார் முன்னாலயும் கத்தியிருக்காரு. 'சீசன் நேரத்துல கொடியை நட்டு ஏரியைப் பூட்டிப்புட்டாங்க, புடுங்கி வீசுறேன் பாரு'ன்னு."

"சொன்னனுங்க! கோவத்துல சொன்னேன்! அதுக்காக ஆளைக் கொல்லுவனுங்களா?"

"இன்னைக்குக் காலையில எங்க இருந்தீங்க?"

"டிக்கெட் கவுன்டர்லதானுங்க. நூறு பேரு வரிசையில நின்னாங்க. கேட்டுப் பாருங்க!"

சுலோச்சனா ஆறுக்குட்டி பக்கம் திரும்பினாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான்.

"ஏப்பா, பனியில கண்ணு தெரியாதப்ப போட்டை எடுக்கலாமா?"

"எடுத்திருக்கக் கூடாதுங்க." நிமிர்ந்து பார்க்கவில்லை அவன். "முதலாளி போகச் சொன்னாரு. நானும் கொடி இருக்குதான்னு மட்டுந்தான் பாத்தேன். ஆளு இருக்குதான்னு பாக்கலைங்க. எந்த தண்டனை வேணும்னாலும் குடுங்க."

அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி மூக்கனுக்குச் சாடை காட்டினாள் சுலோச்சனா.

அதற்குள் மிதவையும் கொடியும் அகப்பட்டன. அக்கரையில், நாணல் புதரில் ஒதுங்கியிருந்தன.

மிதவையோடு ஒரு நைலான் கயிறும் வந்தது. வந்தது... வந்துகொண்டே இருந்தது!

"மூக்கன், அளங்க."

"இருபத்திரண்டு அடி மேடம்."

"முனை?"

"சுத்தமா அறுபட்டிருக்கு. கத்தி!"

சுலோச்சனா கயிற்றின் முனையை விரலில் சுற்றினாள். "படகுல வந்து ஒருத்தன் அறுத்தா எங்க அறுப்பான்?"

"குனிஞ்சு, கைக்கு எட்டுற இடத்துல. ஒரு முழம், ரெண்டு முழம்..." மூக்கனின் பேச்சு நின்றது. "மேடம்! அப்படீன்னா இதை அறுத்தவன்..."

"தண்ணிக்கடியில இருபத்திரண்டு அடி ஆழத்துல இருந்திருக்கான்!"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வேலுமணியின் பக்கம்!

அவன் இடுப்பில் கத்தி. முக்குளிக்கும் எல்லோரும் வைத்திருக்கிற கத்திதான்.

"மேடம்..." அவன் முகம் வெளுத்தது. "நான் எதுக்குங்க என் கொடியை நானே அறுக்கறேன்?"

"பொன்ராஜ் கொடியும் அதுதானே? அவர் மேல வர்றப்ப போட்டு ஏறணும்னு நீங்க நினைச்சிருக்கலாம். நீங்க மட்டும் பத்திரமா கீழயே இருந்துட்டீங்க."

"இருக்கச் சொன்னது நான்!" ஜெஸிந்தா குறுக்கே வந்து நின்றாள். "மூணு தடவை சுண்டினது நானுங்க!"

"புருஷனுக்குப் பொண்டாட்டி சாட்சி. கோர்ட்டுல சிரிப்பாங்கம்மா."

"நான் சொல்ல வேண்டாமுங்க. இது சொல்லட்டும்."

படகிலிருந்து கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து சுலோச்சனாவின் காலடியில் போட்டாள் ஜெஸிந்தா.

"இருநூறு அடிப் புதுக் கயிறு. காலையில எழுபதடி மட்டும் பிரிச்சேன். வேலை முடிஞ்சு கொடிக்குப் போறப்பதான் மீதியை விடுவேன். மிச்சத்தைப் பாருங்க. கடைக்காரன் கட்டின சணல் முடிச்சு இன்னும் அவுக்கலை. எழுபது அடிக் கயித்துல இருக்கறவரு, நூத்தியிருபது அடி தள்ளி இருந்த கொடிக்கு எப்படிங்க போவாரு?"

"இடுப்பு முடிச்சை அவுத்துட்டுப் போயிருந்தா?"

"முடிச்சு முதுகுப் பக்கம், சிலிண்டருக்கு அடியில. நான் போடறது. அவரு கைக்கு எட்டாது. அதுவும் போக, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா இழுத்துப் பாப்பேன். ஒரு தடவைகூட பதில் தவறலைங்க!"

சுலோச்சனா குனிந்தாள். சணலைப் பார்த்தாள். வேலுமணியைத் திரும்பி நிற்கச் சொல்லி முடிச்சைப் பார்த்தாள். நீண்ட மூச்சு விட்டாள்.

"உங்க சம்சாரம் போலீஸ்ல சேர்ந்திருக்கணும், வேலுமணி. உக்காருங்க. கீழ நடந்ததை ஆதியிலிருந்து சொல்லுங்க. குப்பையைத் தவிர அங்க வேற ஏதாவது பாத்தீங்களா?"

வேலுமணி தயங்கினான்.

"முந்தாநேத்து ஒண்ணு பாத்தனுங்க. தடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, சேத்துல ஒரு புல்லட் வண்டியோட ஹேண்டில் பார் நீட்டிக்கிட்டு இருந்துது."

"யாருகிட்ட சொன்னீங்க?"

அவன் சொன்னான்.

சுலோச்சனா விருட்டென்று எழுந்தாள். "மூக்கன்! ஏரியில ஒரு காகிதக் கப்பல்கூட மிதக்கக் கூடாது. வேலுமணி மறுபடி இறங்கறாரு!"

ஜெஸிந்தாவே புதிய கயிற்றில் கொடியைக் கட்டினாள். அதை ஏரிக்குக் கொண்டுபோய் மிதக்கவிட்டது யார் தெரியுமா? பழனிச்சாமி! துறையில் இருந்த அத்தனை படகுகளையும் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிக்கொத்தை ஜெஸிந்தாவிடமே கொடுத்தார்.

"வெச்சுக்க அம்மிணி. அவரு ஏறி வந்ததுக்கப்புறம் குடு."

மாலை நான்கரைக்கு மின்வாரிய கிரேன் அந்த புல்லட்டைத் தூக்கியது.

புல்லட்டோடு ஒரு சங்கிலி வந்தது.

சங்கிலியோடு... ஓர் எலும்புக்கூடு!

* * *

மறுநாள் காலை பத்து மணி. ஊட்டி ஆஸ்பத்திரி. தோளில் அறுபத்திரண்டு தையலோடு பொன்ராஜ் கண் விழித்திருந்தார்.

"வாங்க மேடம். எழுதிக்கோங்க." குரல் கம்மியிருந்தாலும் தெளிவாக இருந்தது. "அந்த ஆறுக்குட்டி கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டு வந்தான். கொடியை எடுத்தது பழனிச்சாமிதான். ரெண்டு பேரையும் விடாதீங்க."

"விடலை. ரெண்டு பேரும் வெளியதான் இருக்காங்க. ஆறுக்குட்டி உங்களுக்கு ஒரு பாட்டில் ரத்தம் குடுத்துட்டு, ராத்திரியெல்லாம் வராந்தாவுலயே கிடந்தாரு."

பொன்ராஜ் கண்களை வேறு பக்கம் திருப்பினார்.

"உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும் பொன்ராஜ். நீங்க ஏன் கயிறு கட்டிக்கலை?"

"கம்பியில சிக்கும்."

"வேலுமணிக்குச் சிக்கலையே? கயிறு கட்டினா, நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். அதுதானே?"

பொன்ராஜ் போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கொடி இருபத்திரண்டு அடி ஆழத்துல அறுபட்டிருக்கு. அங்க இருந்தது ரெண்டே பேரு. ஒருத்தரு எழுபது அடிக் கயித்துல கட்டுப்பட்டிருந்தாரு. மிச்சம் நீங்கதான்."

"யாராவது தன் கொடியைத் தானே அறுப்பானா மேடம்? அடிபட்டவன் நான்!"

"அடிபட வேண்டியது வேலுமணி!" சுலோச்சனாவின் குரல் உயர்ந்தது. "கொடியை அறுத்துட்டுத் திரும்பி வந்து, கட்டைவிரலைத் தூக்கி 'மேல போ'ன்னு சாடை காட்டியிருக்கீங்க, வேலுமணியே சொன்னாரு. அவரு கொடி இருந்த இடத்துக்குப் போயி தலையைத் தூக்கியிருப்பாரு. கொடி இல்லாத ஏரியில போட்டு வரும். ஊரே விபத்துன்னு சொல்லும். நீங்க சுவரோட கோடியில, கம்பி இல்லாத பக்கமா இருக்கற ஏணி வழியா ஏறிடலாம்னு இருந்தீங்க. ஆனா ஜெஸிந்தா அவரைப் போகவிடலை!"

பொன்ராஜின் உதடு துடித்தது.

"குப்பையைக் கிளறினதுல தண்ணி கலங்கிப்போச்சு. உங்களுக்குத் திசை தெரியலை. பிடிச்சுக்கிட்டு வரக் கயிறும் இல்லை. காத்து தீர்ந்து, எங்கேயோ மேல வந்தீங்க. அது போட்டோட விசிறிக்கு அடியிலன்னு தையல் போட்ட டாக்டருக்குத் தெரியும்."

"நான்... வேலுமணியை எதுக்கு...?"

"அவரு புல்லட்டைப் பாத்துட்டாரு. உங்ககிட்ட மட்டும் சொன்னாரு. 'பழைய இரும்பு, யாருகிட்டயும் சொல்லாதே'ன்னீங்க. நேத்து சாயந்தரம் தூக்கிட்டோம். நம்பர் பிளேட் இன்னும் படிக்க முடியுது. கந்தப்பன். உங்க பழைய கூட்டாளி. நாலு வருஷமா குவைத்துல இருக்கறதா நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த அதே கந்தப்பன்!"

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பொன்ராஜ் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"நான் தண்ணியில இறங்காமலே 'தடுப்பு நல்லா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன் மேடம். வருஷா வருஷம். முழங்கால் போயிடுச்சு, ஆழம் தாங்கலை. வெளிய சொல்ல வெக்கம். கந்தப்பன் கண்டுபிடிச்சுட்டான். 'மேல எழுதிப் போடப்போறேன்'னான். டேம் ரோட்டுல வாய்த்தகராறு... கையில ஸ்பேனர் இருந்துச்சு..." மூச்சு வாங்கினார். "அதுக்கப்புறம் வருஷம் தவறாம நான் ஒருத்தனே இறங்கினேன். முழங்கால் வலியோட. வேற யாரும் அங்க போயிடக் கூடாதுன்னு. இந்த வருஷம்தான், ரெண்டு பேரு இறங்கணும்னு இன்ஜினியர் புது ரூல் போட்டுட்டாரு."

"வேலுமணி உங்களை அண்ணன்னுதானே கூப்பிடறாரு?"

பொன்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஒரு வக்கீலைப் பாக்கணும் மேடம்."

சுலோச்சனா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"தாராளமா பாருங்க. ஆனா நல்லா நீச்சல் தெரிஞ்ச வக்கீலா பாருங்க பொன்ராஜ்... கேஸு ரொம்ப ஆழம்!"